நிறுத்திய காரில் இறங்கும் சார்ஜ்

தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் சாலையில், ஏறத்தாழ நடுவழியில் இருக்கிறது கந்தர்வக்கோட்டை. முந்திரியும் கரும்பும் தைலமரமுமாய் இரு பக்கமும் விரியும் செம்மண் பூமி. இந்தச் சுற்றுவட்டாரத்தில் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் இல்லாத தெரு குறைவு. விடுமுறைக்கு வரும்போது குடும்பத்தோடு போய்வர ஒரு கார் வாங்கியிருப்பார்கள். திருச்சியில் விமானம் ஏறிய பிறகு அந்தக் கார் வீட்டு போர்டிகோவில் மாதக்கணக்கில் நிற்கும். “வாரத்துக்கு ஒருதடவை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓடவிடுங்கப்பா” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். பெட்ரோல் கார், டீசல் கார் காலத்தில் அது போதுமானதாக இருந்தது.

இப்போது வாங்க நினைப்பது மின்சார காராக இருந்தால் பேச்சு வேறு திசைக்குப் போகிறது. “சும்மா நிறுத்தி வச்சாலே சார்ஜ் இறங்கிடுமாம்ல? மூணு மாசம் கழிச்சு வந்தா பேட்டரி செத்துப் போயிருக்குமாமே?” பல லட்சம் ரூபாய் போட்டு வாங்கும் பொருளைப் பற்றிய நியாயமான பயம் இது. கேள்வியும் சரியானதுதான். ஆனால் கேட்பவர்கள் மனத்தில் வைத்திருக்கும் பேட்டரி வேறு. உண்மையில் காலை வாருவது இன்னொரு பேட்டரி. இந்த விவரத்தைக் கார் விற்பவர்கள் வாங்குபவர்களிடம் தெளிவாகச் சொல்வதில்லை. அதுதான் பயத்துக்கும் காரணம், பயந்தபடி நடந்துவிடுவதற்கும் காரணம்.

முதலில் பெரிய பேட்டரியைப் பார்த்துவிடலாம். காரின் அடித்தளத்தில் படுத்திருக்கும் லித்தியம் அயன் பேட்டரி தானாகச் சார்ஜ் இழக்கும் வேகம் மிகக் குறைவு. மாதத்துக்கு 2 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். 30 கிலோவாட்-மணி பேட்டரி கொண்ட காரில் அது 0.6 கிலோவாட்-மணி, நம் மின்கட்டணக் கணக்கில் ஒரு யூனிட் கூட இல்லை. பழைய சீலிங் ஃபேன் ஓர் இரவு முழுக்க ஓடினால் ஆகும் செலவுதான் அது. வண்டியை அணைத்ததும் பெரிய பேட்டரிக்கும் மற்ற பாகங்களுக்கும் இடையே இருக்கும் கான்டாக்டர் என்ற கனமான மின்சுவிட்ச் திறந்துகொள்கிறது. அதன் பிறகு பெரிய பேட்டரி தனித்து விடப்படுகிறது. 60 சதவீதத்தில் நிறுத்திவிட்டுப் போன கார் மூன்று மாதம் கழித்து 50க்கு மேலேயே இருந்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அப்படியானால் நீண்ட நாள் நின்ற சில கார்கள் ஏன் திறக்கவே மாட்டேன் என்கின்றன?

ஏறக்குறைய எல்லா மின்சார கார்களிலும் இன்னொரு பேட்டரி இருக்கிறது. பெட்ரோல் காரில் பானெட்டுக்கு அடியில் பார்த்துப் பழகிய அதே 12 வோல்ட் பேட்டரி. பல மாடல்களில் இன்றும் ஈய-அமில வகைதான். கதவுப் பூட்டு, அலாரம், திரை, செல்போன் செயலியோடு பேசும் சிம் கார்டு, பெரிய பேட்டரியைக் கண்காணிக்கும் கணினி எல்லாம் இதில்தான் ஓடுகின்றன. முக்கியமாக, அந்தக் கான்டாக்டரை மூடுவதற்குத் தேவையான மின்சாரமும் இதிலிருந்துதான் வரவேண்டும். சின்ன பேட்டரி இறங்கிவிட்டால், பெரிய பேட்டரியில் 300 கிலோமீட்டர் ஓடுவதற்கான மின்சாரம் நிறைந்திருந்தாலும் அதைத் தொட வழியில்லை. ரிமோட்டை அழுத்தினால் பதில் வராது. சார்ஜரைச் செருகினாலும் பல கார்களில் சார்ஜ் ஏறாது, ஏனென்றால் சார்ஜ் ஏற்றத் தொடங்குவதற்கும் கணினி விழித்திருக்க வேண்டும்.

45 ஆம்பியர்-மணி கொண்ட 12 வோல்ட் பேட்டரியை எடுத்துக்கொள்வோம். அதில் மொத்தமாக இருப்பது அரை யூனிட் மின்சாரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அணைத்து வைத்த காரில் 50 மில்லிஆம்பியர் கசிவது சகஜம் என்று ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் சொல்வார்கள். அந்தக் கணக்கில் நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி போகிறது. 45ஐ 1.2ஆல் வகுத்தால் 37 நாள். அதுவும் புது பேட்டரிக்கு, முழு சார்ஜில், முற்றிலும் காலியாகும் வரைக்குமான கணக்கு. ஈய-அமில பேட்டரி வெப்பத்தில் தானாகவும் வேகமாக இறங்கும்; வெப்பநிலை 10 டிகிரி கூடினால் அந்த வேகம் சுமார் இரட்டிப்பாகும் என்பது பொது விதி. சித்திரை, வைகாசியில் 40 டிகிரியை நெருங்கும் புதுக்கோட்டை வெயிலில், தகரக் கூரை போட்ட ஷெட்டில் நிற்கும் இரண்டு வருடப் பழைய பேட்டரி மூன்று வாரத்திலேயே கைவிரித்துவிடலாம்.

பெட்ரோல் காருக்கும் இதே நோய் உண்டு. ஆனால் அங்கே ஓர் எச்சரிக்கை கிடைக்கும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்குச் சில நூறு ஆம்பியர் தேவை. பேட்டரி பலவீனமாகும்போதே இன்ஜின் இழுத்து இழுத்து முனகும். கேட்டவுடன் மெக்கானிக் “அண்ணே, பேட்டரி மாத்திருங்க” என்பார். மின்சார காரில் அந்த முனகல் கிடையாது. கணினியை எழுப்பி, கான்டாக்டரை மூடச் சில ஆம்பியரே போதும் என்பதால், நேற்று வரை எந்தக் குறையும் தெரியாமல் கிளம்பிய வண்டி இன்று காலை அசையாமல் நிற்கும்.

இது கற்பனைப் பயம் இல்லை என்பதற்கு ஜெர்மனியின் ஏ.டி.ஏ.சி. அமைப்பு சாட்சி. அந்நாட்டுச் சாலைகளில் நின்றுபோகும் கார்களுக்கு உதவப் போகும் அதன் மஞ்சள் வண்டிகள், பழுதுகளை ஆண்டுதோறும் கணக்கெடுக்கின்றன. 2024ஆம் ஆண்டுக் கணக்கில், இரண்டு முதல் நான்கு வயதுள்ள கார்களில், ஆயிரம் மின்சார கார்களுக்கு 4.2 பழுதுகள், இன்ஜின் கார்களுக்கு 10.4. மின்சார கார்தான் நம்பகமானது என்கிறது கணக்கு. அப்படிப் பழுதான மின்சார கார்களில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம் 12 வோல்ட் பேட்டரி. மோட்டாரும் பெரிய பேட்டரியும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன.

தமிழ்நாட்டுக்குள்ளேயே இன்னோர் உதாரணம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் ஒருங்கிணைக்கப்படும் ஹூண்டாய் அயானிக் 5 கார்களில் 1,744 கார்களை 2024 ஜூனில் அந்நிறுவனம் திரும்ப அழைத்தது. பெரிய பேட்டரியிலிருந்து சின்ன பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் ஐ.சி.சி.யு. என்ற பாகம் பழுதாகி, 12 வோல்ட் பேட்டரி இறங்கிப்போகும் வாய்ப்பு இருந்ததே காரணம். அடுத்த மாதமே அதே குழுமத்தின் கியா, இ.வி.6 கார்களில் 1,138ஐத் திரும்ப அழைத்தது. அதே பாகம்தான் காரணம். இவை நிறுத்தி வைத்ததால் வந்த கோளாறுகள் அல்ல. ஆனாலும் எவ்வளவு விலை உயர்ந்த மின்சார காரும் ஒரு சிறிய பேட்டரியின் தயவில் ஓடுகிறது என்பதை இவற்றைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

நிறுத்திய காரில் மின்சாரம் எங்கே போகிறது என்று தேடினால், பெரும்பாலும் நம் பழக்கங்களில் போய் முடியும். செல்போன் செயலியைத் திறந்து “சார்ஜ் எவ்வளவு இருக்கு” என்று பார்க்கும் ஒவ்வொரு முறையும் உறங்கும் கார் விழிக்கிறது. துபாயில் இருந்துகொண்டு கவலையில் தினமும் நான்கு தடவை பார்த்தால், பார்ப்பதே இழப்புக்குக் காரணமாகிவிடும். சாவியைப் போர்டிகோவை ஒட்டிய சுவரில் ஆணியில் மாட்டி வைப்பது இன்னொன்று. சாவி இல்லாமலே திறக்கும் வசதியுள்ள சில கார்கள், சாவி அருகில் இருப்பதை உணர்ந்து முழுமையாக உறங்குவதில்லை. பிறகு, வெளியே வாங்கிப் பொருத்திய டேஷ் கேமரா, ஜி.பி.எஸ். கருவி. வயரை நேரடியாக 12 வோல்ட் பேட்டரியில் மாட்டிவிட்டால் கார் உறங்கினாலும் அவை உறங்காது. கார் ‘ரெடி’ நிலைக்கு வராமல் பாட்டு மட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் இந்த ரகமே. அப்போது பெரிய பேட்டரி சேவையில் இல்லை. சின்னதுதான் முழுச் சுமையையும் தாங்குகிறது.

நிறுவனங்களும் காரை உறங்கவிடுவதில்லை. டெஸ்லாவின் ‘சென்ட்ரி’ என்ற காவல் வசதி, நிறுத்திய காரைச் சுற்றிக் கேமராக்களை விழிப்போடு வைத்திருக்கும். அதற்கு 250 வாட் தொடர்ந்து செலவானால் நாளொன்றுக்கு 6 யூனிட். 60 கிலோவாட்-மணி பேட்டரியில் தினமும் 10 சதவீதம் போய்விடும். நம்மூரில் பரவலாக விற்கும் கார்களில் இவ்வளவு பெரிய செலவு இல்லை. ஆனால் ‘கனெக்டட் கார்’ என்ற விளம்பரத்தோடு கேமரா, இணையம், தொலைவிலிருந்து ஏசி போடும் வசதி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போகும்போது, இழப்பும் கூடவே சேருகிறது.

சில நேரம் இழப்பே இல்லாமலும் இறங்கியதாகத் தெரியும். இந்தியாவில் விற்கும் பல மின்சார கார்களில் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. வெப்பத்தைத் தாங்கும், நீண்ட நாள் உழைக்கும் நல்ல வகை அது. ஆனால் 80 சதவீதத்திலும் 40 சதவீதத்திலும் அதன் வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும் என்பதால், மிச்சத்தைக் கணிப்பது கணினிக்குச் சிரமம். நீண்ட ஓய்வுக்குப் பிறகு கணினி புதிதாக அளந்து, 62 என்று காட்டிய இடத்தில் 57 என்று திருத்திக்கொள்ளும். அந்த ஐந்தும் கசிந்து போனதல்ல. முதலில் காட்டிய எண்ணே பிசகு. மாதம் ஒருமுறையாவது முழுதாகச் சார்ஜ் செய்யச் சொல்வதற்கு இந்தப் பிசகைச் சரிசெய்வதும் ஒரு காரணம்.

உண்மையில் அஞ்ச வேண்டிய ஒன்று உண்டு: பெரிய பேட்டரி பூஜ்யத்துக்கு அருகில் இருக்கும்போது காரை நிறுத்திவிட்டுப் போவது. லித்தியம் செல்லின் வோல்டேஜ் ஓர் எல்லைக்குக் கீழே சரிந்தால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். கரைந்த செம்பு மீண்டும் சார்ஜ் ஏற்றும்போது வேண்டாத இடத்தில் படிந்து, உள்ளுக்குள்ளேயே ஷார்ட் சர்க்யூட் உண்டாக்கலாம். அந்தச் செல்லை மீட்க முடியாது. 2012 பிப்ரவரியில் அமெரிக்காவில் இது பெரிய விவகாரமானது. டெஸ்லாவின் முதல் காரான ரோட்ஸ்டரைச் சார்ஜில் மாட்டாமல் நிறுத்தி வைத்த சிலருக்குப் பேட்டரி முற்றிலும் இறங்கிப்போய், மாற்றுவதற்கு சுமார் 40,000 டாலர் ஆகும் என்று சொல்லப்பட்டது. கார் வெறும் செங்கல்லாகிவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. அடுத்து வந்த மாடல் எஸ், 50 சதவீதத்தில் நிறுத்தினால் ஏறக்குறைய ஓராண்டு தாங்கும் என்று டெஸ்லா அப்போது பதில் சொன்னது. இலங்கைத் தமிழர்கள் நன்கறிந்த நிசான் லீஃப் காருக்கு அமெரிக்காவில் தந்த உத்தரவாதப் புத்தகமோ இன்னும் வெளிப்படையானது: சார்ஜ் பூஜ்யத்தை ஒட்டியிருக்கும் நிலையில் 14 நாளுக்கு மேல் விட்டுவைத்தாலோ, 49 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் வைத்தாலோ வரும் சேதத்துக்கு உத்தரவாதம் கிடையாது. நாள் கணக்கையும் வெப்ப அளவையும் அப்படி அச்சிட்டுக் கொடுப்பதுதான் நேர்மை. வாங்குபவருக்கு எல்லை எது என்று தெரிகிறது.

மறுபக்கமும் இருக்கிறது. “ஊருக்குப் போறோமே, ஃபுல்லா ஏத்தி வச்சிருவோம்” என்று 100 சதவீதத்தில் மாதக்கணக்கில் நிறுத்துவதும் நல்லதல்ல. நிறைந்த சார்ஜும் உயர்ந்த வெப்பமும் சேர்ந்தால் பேட்டரி சும்மா இருந்தபடியே மூப்படையும். பாதியளவில், 50 சதவீதத்தை ஒட்டி நிறுத்துவதே உகந்தது.

இந்த வட்டாரத்துக்கு இன்னொரு கேள்வியும் சேர்ந்தே எழும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையேறிய கஜா புயலை இங்கே யாரும் மறக்கவில்லை. டெல்டாவிலும் புதுக்கோட்டையிலுமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கந்தர்வக்கோட்டை, கறம்பக்குடி, ஆலங்குடிப் பக்கத்துக் கிராமங்கள் பல வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படி இன்னொரு முறை நேர்ந்தால் வீட்டில் நிற்கும் மின்சார கார் என்ன ஆகும்? பாதிச் சார்ஜில் இருந்தால் பெரிய பேட்டரிக்கு எதுவும் ஆகாது. வெளிச் சாதனங்களுக்கு மின்சாரம் தரும் வசதியுள்ள காராக இருந்தால், நாலு விளக்கும் செல்போன்களும் சில நாட்களுக்கு அதிலேயே ஓடும். ஆட்டம் காண்பது மறுபடியும் 12 வோல்ட் பேட்டரிதான். பெரிய பேட்டரி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போய்விட்டால் சில கார்கள் சின்னதற்கு ஊட்டுவதை நிறுத்திவிடும்.

ஊரில் இருக்கும் அப்பா என்ன செய்ய வேண்டும் என்பது இத்தனைக்கும் பிறகு எளிது. வாரம் ஒருமுறை, அல்லது பத்து நாளுக்கு ஒருமுறை, பிரேக்கை மிதித்து பட்டனை அழுத்தி, திரையில் ‘ரெடி’ என்று வரும்வரை பார்த்து, அரை மணி நேரம் அப்படியே விட வேண்டும். அந்த நிலையில் பெரிய பேட்டரி சின்னதற்குச் சார்ஜ் ஏற்றும். ‘ரெடி’ வராமல் திரை மட்டும் ஒளிர்ந்தால் விளைவு நேர் எதிராகிவிடும், ஆகவே அந்த ஒரு சொல்லைப் பார்த்துப் பழகிக்கொள்வது அவசியம். சத்தமே வராத வண்டி என்பதால், கியர் ‘பார்க்’கில் இருப்பதையும் குழந்தைகள் அருகில் இல்லாததையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். தெருவில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் டயருக்கும் நல்லது. யாருமே இல்லாத வீடென்றால், நிறுவனத்தின் கையேடு அனுமதிக்கும் பட்சத்தில் 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவைப்பதே சரி. கதவைத் திறக்கும் இரும்புச் சாவி ரிமோட்டுக்குள்ளேயே செருகியிருக்கும். அது எங்கே இருக்கிறது, பானெட்டை எப்படித் திறப்பது என்பதைப் பேட்டரி இறங்கும் முன்பே தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

இறங்கிய பிறகும் வழி இருக்கிறது. ஸ்டார்ட்டர் இல்லாததால், இன்னொரு 12 வோல்ட் பேட்டரியிலிருந்தோ சிறிய ஜம்ப் ஸ்டார்ட்டர் கருவியிலிருந்தோ கொஞ்சம் மின்சாரம் கொடுத்தாலே மின்சார கார் விழித்துக்கொள்ளும். இதைச் செய்யும் திறமை கந்தர்வக்கோட்டையின் எந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கும் உண்டு. ஆனால் “ஹை வோல்டேஜ் வண்டி, கை வைக்காதே” என்ற பயத்தில் அவர் ஒதுங்கிக்கொள்கிறார். பயம் நியாயமானதுதான், ஆரஞ்சு நிற வயர்களை யாரும் தொடக் கூடாது. சிவப்பு, கறுப்பு முனைகள் கொண்ட 12 வோல்ட் பக்கம் வேறு. அந்த வித்தியாசத்தை அவருக்குக் கற்றுத்தர யாரும் முன்வரவில்லை. அதனால் ஒரு ஜம்ப் கேபிளால் பத்து நிமிடத்தில் தீரவேண்டிய விஷயத்துக்குத் தஞ்சாவூரிலிருந்தோ திருச்சியிலிருந்தோ பிளாட்பெட் லாரி வரவேண்டியிருக்கிறது. சக்கரம் உருள இழுத்துப் போனால் மோட்டாருக்குச் சேதம் வரலாம் என்பதால் பெரும்பாலான மின்சார கார்களைக் கயிறு கட்டி இழுக்கவும் கூடாது. நகரத்துக்குச் சிறிய தொல்லையாக இருப்பது, சர்வீஸ் சென்டர் இல்லாத ஊருக்கு ஒரு நாள் வேலையும் சில ஆயிரம் ரூபாயும் ஆகிவிடுகிறது.

தீர்வு நிறுவனங்களின் கையில்தான் இருக்கிறது. ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதைச் சோதனைச் சான்றோடு பெரிய எழுத்தில் அச்சிடுகிறார்கள். 30 நாள் சும்மா நின்றால் எவ்வளவு இறங்கும் என்ற எண்ணை விளம்பரத்தில் காணோம். சாத்தியமில்லாத கோரிக்கையும் அல்ல இது. அணைத்து வைத்த டி.வி.யும் மைக்ரோவேவும் வீணாக்கும் மின்சாரத்தைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் ஆலன் மையர் தொண்ணூறுகளின் இறுதியில் குரல் எழுப்பினார். எந்தச் சாதனமும் காத்திருப்பு நிலையில் ஒரு வாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்ற இலக்கை 1999இல் சர்வதேச எரிசக்தி முகமை முன்வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் அதைச் சட்டமாக்கி, 2013 முதல் அரை வாட்டாகக் குறைத்தது. அதற்குப் பிறகு உலகம் முழுக்க டி.வி.களின் வடிவமைப்பே மாறியது. சில ஆயிரம் ரூபாய் டி.வி.க்கு வந்த விதி, பல லட்சம் ரூபாய் காருக்கு ஏன் வரக் கூடாது?

நீண்ட நாள் நிறுத்தத்துக்கென்று ஒரு தனி நிலை எல்லா மின்சார கார்களிலும் இருக்க வேண்டும். ஓலா தன் ஸ்கூட்டர்களில் ‘வெக்கேஷன் மோட்’ என்று ஒன்றைக் கொடுத்திருக்கிறது. ஸ்கூட்டருக்குச் செய்ய முடிந்தது காருக்கு முடியாதா? சின்ன பேட்டரி இறங்கும்போது பெரியதிலிருந்து தானாக நிரப்பிக்கொள்ளும் ஏற்பாடு சில மாடல்களில் இருக்கிறது, சிலவற்றில் இல்லை. அது வெறும் மென்பொருளும் மனமும் சார்ந்த விஷயம். எல்லாவற்றிலும் கட்டாயமாக வேண்டும். இறங்குவதற்கு முன்பே உரிமையாளரின் செல்போனுக்கு எச்சரிக்கை போக வேண்டும். கையேட்டில் இந்தப் பகுதி மட்டுமாவது தமிழில் இருக்க வேண்டும், ஏனென்றால் காரைப் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் காரை வாங்கியவர் அல்ல.

ஓசூரில் ஏத்தரும் டி.வி.எஸ்.ஸும், போச்சம்பள்ளியில் ஓலாவும் மின்வாகனம் தயாரிக்கின்றன. தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் ஆலை 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டிருக்கிறது. 2023இல் தனி மின்வாகனக் கொள்கையே வெளியிட்ட மாநிலம் இது. இந்த நிறுவனங்களுக்குச் சலுகை தரும் அரசு, அரசு ஐ.டி.ஐ.களில் உள்ளூர் மெக்கானிக்குகளுக்கு 12 வோல்ட் பக்கத்தைப் பாதுகாப்பாகக் கையாளும் சில நாள் பயிற்சியை நடத்தச் சொல்லி அவற்றிடம் கேட்பது பெரிய விஷயமல்ல. நிறுத்த இழப்பை அச்சிடச் சொல்லி ஒன்றிய அரசை வலியுறுத்துவதும் தமிழ்நாட்டால் முடியும்.

அதுவரை, மின்சார கார் வாங்கப்போகிறவர்கள் ஷோரூமில் முன்பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேட்க வேண்டும். இரண்டு மாதம் ஓட்டாமல் நிறுத்தினால் எவ்வளவு சார்ஜ் இறங்கும்? 12 வோல்ட் பேட்டரி தானாக நிரம்புமா? அது இறங்கிப்போனால் கந்தர்வக்கோட்டைக்கு ஆள் வருவாரா, செலவு யாருடையது? பதிலை வாய்வார்த்தையாக ஏற்காமல், எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.